ஊசி மாட்டுக்கு, கடி மனுசனுக்கு

மாப்ளே, நம்மூர்ல தெருநாய் பத்தாது, இன்னும் நாலு கூட்டம் வேணும்னு உனக்கு ஆசை இருந்தா எங்கிட்டக் கேளு. வெகு சுளுவான வழி ஒண்ணு சொல்றேன். நாய்க்குச் சோறு வெக்க வேண்டாம், குட்டியைத் தூக்கியாந்து வளக்க வேண்டாம். மாடு படுத்துக்கிச்சுன்னா டாக்டரைக் கூப்புடாம, நீயே மெடிக்கல் கடைக்குப் போயி ஒரு வலி ஊசி வாங்கியாந்து போட்டு உடு. மீதிச் சோலியெல்லாம் தன்னால நடந்துக்கும். இதை நானா சொல்லலை. சிகாகோவுலயும் இங்கிலாந்துலயும் இருக்கற படிப்பாளிக கணக்குப் போட்டு, பெரிய புஸ்தகத்துல அச்சடிச்சுச் சொல்லியிருக்கறாங்க.

சிரிக்காதே. திண்ணையில பையில வெச்சிருக்கறயே அஞ்சு குட்டிப் பாட்டலு, அதைப் பத்தித்தான் பேசறேன். கடைக்காரன் "ஆருக்கு?"ன்னு கேட்டதுக்கு "எங்க மாமனுக்கு மூட்டுவலி"ன்னு சொன்னயாமே! நல்லா இருக்குது. அஞ்சையும் ஒட்டுக்கா எனக்கு ஏத்தியிருந்தா மூட்டுவலி மட்டுமில்லை, மாமனே இருக்க மாட்டான். பாகப்பிரிவினையும் சுளுவா முடிஞ்சிருக்கும்.

என்ற பேத்தி நாமக்கல்ல மாட்டு டாக்டருக்குப் படிக்குதல்லோ, அது லீவுக்கு வந்தப்ப போன்ல வாசிச்சுக் காட்டுன கதை இது. எனக்குப் படிப்புக் கெடையாது. அதுல ஒரு சௌகரியம், புரியலைன்னா வெக்கப்படாம நாலு தடவை கேப்பேன். நீ பி.எஸ்சி. முடிச்சவன். புரியாட்டியும் தலையாட்டோணும், உன்ற பாடுதான் கஷ்டம்.

கதை ராஜஸ்தான்ல பரத்பூர்ல ஆரம்பிக்குது. அங்க கேவலாதேவ்னு ஒரு பறவைக் காடு. விபு பிரகாஷ்னு ஒருத்தரு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆளு, 1980-கள்லயே அங்க பாறு எத்தனை, கூடு எத்தனைன்னு எண்ணி வெச்சிருந்தாரு. 1990-கள் கடைசியில மறுக்கா போயி எண்ணினா, கூடெல்லாம் காலி. மிச்சம் இருக்கறதும் மரத்துல உக்காந்து கழுத்தைத் தொங்கப் போட்டுட்டுத் தூங்கி வழியுது. அப்புறம் தொப்புன்னு கீழ உளுந்து சாவுது.

பாறுன்னா தெரியுமல்லோ? பொணந்தின்னிக் கழுகு. உன்ற வயசுக்கு நீ சினிமாவுலதான் பாத்திருப்பே, அதுவும் வில்லன் வர்ற சீன்ல. எங்க காலத்துல மாடு செத்தா நாம கண்ணைத் தொடைக்கறதுக்குள்ள மேல வட்டம் போட்டுரும். ஒரு பெருங்கூட்டம் எறங்குச்சுன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள எலும்பு மட்டும் மிச்சம். நாத்தம் இல்லை, ஈ இல்லை, புழு இல்லை. அதும்பட வயித்துல இருக்கற அமிலம் பொல்லாதது, அழுகுன கறியில இருக்கற கிருமி பெரும்பாலும் உள்ள போனா வெந்து போயிரும். கூலி கேக்காத தோட்டி. நாம அதைப் பாத்தா மூஞ்சியச் சுளிப்போம். அசிங்கம், அபசகுனம், வழுக்கைத்தலையன். உள்ள தலையை விட்டுத் திங்கற வேலைக்கு முடி வெச்சிருந்தா என்ன ஆவும்னு நாம ரோசனை பண்ணினதே கெடையாது.

நம்ம நாட்டுல கோடிக்கணக்குல இருந்த சாமானம் அது. வெண்முதுகுப் பாறுன்னு ஒரு சாதி, 1992-ல 1,000 இருந்துதுன்னு வெச்சுக்க, 2007-ல எண்ணினா 1. ஆயிரத்துக்கு ஒண்ணு! அக்கட்டால கருங்கழுத்துப் பாறு கொஞ்சம் தேவலை, 100-க்கு மூணு. இத்தனை வேகமா ஒரு பறவை அழிஞ்சதை ஆரும் பாத்ததில்லைங்கறாங்க. நாம அப்ப என்ன பண்ணிட்டு இருந்தோம்? டிவியில சீரியலு ஓடிட்டு இருந்துச்சு.

ஏன் சாவுதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. வைரஸ்னாங்க, பூச்சி மருந்துன்னாங்க. அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில லிண்ட்சே ஓக்ஸ்னு ஒரு மாட்டு டாக்டரு, அவரும் இன்னும் சிலரும் பாகிஸ்தானுக்குப் போயி, செத்துக் கெடந்த பாறை அறுத்துப் பாத்தாங்க. உள்ள பாத்தா ஈரல், இருதயம், குடலு அத்தனை மேலயும் வெள்ளை அடிச்ச மாதிரி பொடி அப்பியிருக்குது. பேத்தி இந்த எடத்துல நிறுத்தி விளக்கமாச் சொல்லுச்சு. பறவை நம்மளாட்டம் ஒண்ணுக்குப் போவாது. கோழி எச்சத்துல வெள்ளையா ஒண்ணு இருக்குதே, அதுதான் அதும்பட ஒண்ணுக்கு, யூரிக் அமிலம்னு பேரு. கிட்னி நின்னு போச்சுன்னா அது வெளிய போவ வழியில்லாம ரத்தத்துல ஏறி, உறுப்பு மேலயெல்லாம் உப்பாப் படிஞ்சுரும். அப்ப கிட்னியைக் கெடுத்தது எது? கிருமியைத் தேடினாங்க, ஒண்ணுமில்லை. பூச்சி மருந்தைத் தேடினாங்க, ஈயம் பாதரசம் தேடினாங்க, ஒண்ணுமில்லை.

இங்கதான் மாப்ளே அவங்க புத்தி வேலை செஞ்சுது, எனக்கு இந்தக் கதையில ரொம்பப் புடிச்ச எடம். மைக்ராஸ்கோப்பை மூடி வெச்சுட்டு, அங்கிருக்கற மாட்டு டாக்டருகிட்டயும் மருந்துக் கடைக்காரங்ககிட்டயும் போயி, "மாட்டுக்கு என்னென்ன மருந்து விக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. பாறு திங்கறது மாட்டை, மாடு திங்கறது நாம குடுக்கறதை. நாம என்ன குடுக்கறோம்னு கேட்டாப் போச்சு! கடைக்காரங்க சொன்னதுல, வாய் வழியா உள்ள போனாலும் ஒடம்புல சேரும், கிட்னியையும் கெடுக்கும்னு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். டைக்ளோபினாக். உன்ற பையில இருக்கறது.

சோதிச்சுப் பாத்தாங்க. அந்த வெள்ளைப் பொடி நோயில செத்த 25 பாறு, 25-லயும் மருந்து இருந்துச்சு. வேற காரணத்துல செத்தது 13, ஒண்ணுலகூட இல்லை. அப்புறம் மருந்து போட்ட எருமைக் கறியையும் ஆட்டுக் கறியையும் பாறுக்குப் போட்டுப் பாத்தாங்க, அதே வெள்ளைப் பொடி, அதே சாவு. 2004-ல 'நேச்சர்' பத்திரிகையில வந்துச்சு. இத்தனை பெரிய புதிருக்கு விடை கெடைச்ச எடம் மெடிக்கல் கடைக் கல்லாப்பெட்டி ஓரம். படிச்சவன் படிக்காதவங்கிட்டப் போயிக் கேட்டா உலகம் உருப்பட்டுரும்போல இருக்குது, ஆனா நீ கேட்டுராதே, பட்டம் கொறைஞ்சுரும்.

"மாமா, ஊசி போட்ட மாடெல்லாம் சாவறதில்லையே, எந்திரிச்சுத்தானே நிக்குது"ங்கறே. சரிதான். பொழைச்ச மாட்டால பாறுக்கு ஒரு கெடுதலும் இல்லை, சில நாள்ல மருந்து கரைஞ்சு போயிரும். ஊசி போட்டும் பொழைக்காத மாடு இருக்குது பாரு, அதுதான் எமன். நாம எப்ப ஊசி போடறோம்? இனித் தேறாதுங்கறப்பத்தான், கடைசி ஆசைக்கு. டாக்டரு கைவிட்டதுக்கு அப்புறம், மனசு கேக்காம ஒண்ணு. அந்த ஒண்ணு ஒடம்புல ஊறுன மாட்டைக் கொண்டு போயிக் காட்டுல போட்டா, ஒரே பந்தியில நூறு பாறு உக்காந்து திங்குது. செத்த மாடு 100-ல ஒண்ணுகூட இப்பிடி இருக்க வேண்டாம், அதுக்குக் கீழ இருந்தாலே மொத்த இனமும் போயிருமாம். தடை வர்றதுக்கு முந்தி நம்ம நாட்டுல சோதிச்சதுல 100-க்குச் சுமார் 10 இருந்துது. பாறு வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை போடும், குஞ்சு பெருசாகி முட்டை வெக்க அஞ்சு வருசம் ஆவும். போனது போனதுதான். கோழியாட்டம் அடுத்த மாசம் பொரிச்சு வராது.

பாறு போச்சு, மாடு சாவறது நின்னுதா? வடக்கே ஊருக்கு வெளிய மாட்டைப் போடற மைதானம் இருக்கும், பிக்கானீர்ல ஜோர்பீடுன்னு ஒரு எடம் அதுக்கே பேர் போனது. தோலு உரிச்சுட்டுப் போடுவாங்க, மீதியைப் பாறு பாத்துக்கும். பாக்க ஆளில்லாமப் போனதும் கறி கெடந்து நாறுச்சு. ஆரு வந்தது? நாய் வந்துச்சு. எலி வந்துச்சு. நாய்க்குத் தெனமும் கறிச்சோறு, குட்டி போட்டுப் பெருகுச்சு. நாய் பாறு மாதிரி சுத்தமாத் திங்காது, பாதி தின்னுட்டுப் பாதியை இழுத்துட்டு ஊருக்குள்ள வரும். மிச்சம் தண்ணியில கலக்கும். நாய் பெருகுனா வெறியும் பெருகும், கடியும் பெருகும்.

இதைத்தான் இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன்னு ரெண்டு பேரு கணக்குப் போட்டாங்க. ஒருத்தரு சிகாகோ, இன்னொருத்தரு வார்விக். ரெண்டு பேரும் டாக்டரு இல்லை, பொருளாதாரம் படிச்சவங்க. டாக்டரு நோயாளியைப் பாப்பாரு, இவங்க மாவட்டத்தைப் பாக்கறாங்க. பாறு நெறைய இருந்த மாவட்டம் எது, ஆரம்பத்துல இருந்தே பாறு கெடையாத மாவட்டம் எதுன்னு பிரிச்சுக்கிட்டு, சனங்க சாவுக் கணக்கை ரெண்டு பக்கமும் எடுத்தாங்க. 1994 வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் ஓடுது. அப்பத்தான் அந்த மருந்துக்குக் காப்புரிமை முடிஞ்சு, நம்ம கம்பெனிகளே தயாரிச்சு, வெலை சல்லிசாகி, மாட்டுக்குப் போடறது பரவுச்சு. அதுக்கப்புறம் பாறு இருந்த மாவட்டத்துல மட்டும் சாவு 100-க்கு நாலுக்கு மேல கூடிருச்சு. 2000-ல இருந்து 2005 வரைக்கும் மட்டும் சுமார் 5 லட்சம் பேரு கூடுதலாச் செத்திருக்கறாங்கன்னு முடிவு பண்ணியிருக்கறாங்க. 2024-ல வந்த கட்டுரை. நாய்க் கணக்கும் வெறிநாய் ஊசி வித்த கணக்கும் ஏறியிருக்குது, தண்ணியும் கெட்டிருக்குது, எல்லாத்தையும் ஒட்டுக்காச் சேத்துத்தான் பாத்திருக்கறாங்க.

நான் பேத்திகிட்டக் குறுக்குக் கேள்வி கேட்டேன். "ஏம்மணி, அந்தப் பத்து வருசத்துல நாட்டுல எத்தனையோ மாறிப் போச்சு, எல்லாப் பழியையும் பாறு மேல போடறது நாயமா?" அதுக்குத்தான் பாறு இல்லாத மாவட்டத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க தாத்தான்னுச்சு. வேற காரணம்னா அங்கயும் கூடியிருக்கோணுமல்லோ. அப்பறம் நான் வாயை மூடிட்டேன். வெவரமான கணக்குத்தான்.

இதுல ஆரு மேல குத்தம் சொல்லுவே? சொல்லு பாக்கலாம். மாட்டுக்காரன் மாட்டைக் காப்பாத்தப் பாத்தான். கம்பெனிக்காரன் ஏழைக்கு எட்டற வெலையில மருந்து குடுத்தான். டாக்டரு வலியக் கொறைச்சாரு. பாறு செத்த மாட்டைத் தின்னுச்சு. நாய் கெடைச்சதைத் தின்னுச்சு. ஆளாளுக்கு அவங்கவங்க வேலையை நல்லாத்தான் பாத்திருக்கறாங்க. கடி மட்டும், மாடே வெச்சிருக்காத ஒருத்தன் புள்ளைக்கு விழுந்துச்சு.

பம்பாயில பார்சிக்காரங்க இருக்கறாங்கல்லோ, அவங்க பொணத்தை எரிக்கறதுமில்லை, பொதைக்கறதுமில்லை, மலபார் ஹில்லுல அமைதிக் கோபுரத்து மேல வெச்சுருவாங்க, பாறு வந்து எடுத்துக்கும். பாறு போன பொறகு அங்க கண்ணாடி வெச்சு வெயிலைக் குவிச்சு வேலையை முடிக்கறாங்க. மழைக்காலத்துல சூரியனுக்கும் லீவு.

இனி நம்மாளுக சாமர்த்தியத்தைக் கேளு. 2006-ல மாட்டுக்கு டைக்ளோபினாக் போடப்படாதுன்னு அரசாங்கம் தடை போட்டுச்சு. உடனே நிறுத்திட்டமா? மாட்டு மருந்துக்குத்தானே தடை, மனுச மருந்து இருக்குதேன்னு அதை வாங்கி மாட்டுக்குப் போட்டோம். 2008-ல பாட்டல் மேல, இது விலங்குக்கு அல்லன்னு அச்சடிக்கச் சொன்னாங்க. மாட்டுக்குப் படிக்கத் தெரியாதுங்கற தைரியத்துல அதையும் தாண்டியாச்சு. அந்த மனுச மருந்து எத்தனை பெரிய பாட்டல்ல வந்துது தெரியுமா? 30 மில்லி! ஒரு மனுசனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி. ஒரே நேரத்துல பத்துப் பேருக்கு முட்டி புடிச்சுக்கிட்டு ஒரே ரூம்புல வரிசையா நிப்பாங்கன்னு நெனைச்சானோ என்னமோ. 2015-ல அந்தப் பெரிய பாட்டலுக்கும் தடை வந்து, 3 மில்லி ஒத்தை ஊசிப் பாட்டல்தான்னு ஆச்சு. அதை எதுத்துக் கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2017-ல சென்னை உயர் நீதிமன்றம் தடை சரிதான்னு சொல்லிருச்சு. இப்ப நீ என்ன பண்ணியிருக்கறே? அஞ்சு குட்டிப் பாட்டலு வாங்கி ஒரு மாட்டுக் கணக்கைச் சரி பண்ணிட்டே. சட்டம் போடறவன் ஒருத்தன்னா, நாம ஒம்பது பேரு.

இதை உட்டா அதுங்கற கதையும் உண்டு. அசிக்ளோபினாக்னு வேற பேர்ல வந்துச்சு. மாட்டு ஒடம்புக்குள்ள போனதும் அது டைக்ளோபினாக்காவே மாறிருதுன்னு கண்டுபுடிச்சாங்க. சட்டையை மாத்திட்டு அதே ஆளு உள்ள நுழைஞ்சிருக்கறான். கீட்டோபுரோபனும் பாறுக்கு ஆவாது. 2023-ல ரெண்டையும் மாட்டுக்குத் தடை பண்ணினாங்க. 2024 கடைசியில நிமிசுலைடும் அந்தப் பட்டியல்ல சேந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் பாறு செத்துக் காட்டோணும், ஆராய்ச்சி நடக்கோணும், கடுதாசி டெல்லிக்குப் போவோணும், அப்புறம்தான் கடையில இருந்து எறங்கும். புது மருந்தை வெளிய உடறதுக்கு முந்தியே பாறுக்கு ஆவுமான்னு பாத்துப்போட்டு உடப்படாதான்னு பேத்தியக் கேட்டேன். தாத்தா, உங்களை அந்தக் கமிட்டியில போடறேன்னுச்சு. நக்கலு என்ற வம்சத்துல ஊறுனது.

நம்ம பக்கம் ஒண்ணு ரெண்டு மிஞ்சி இருக்குது, அதையும் சொல்லிர்றேன். சத்தியமங்கலத்துக்கு மேக்கே, மாயாறு ஓடற பள்ளம். அங்க ஆத்தோரம் நீர்மருது மரத்துல வெண்முதுகுப் பாறு கூடு கட்டுது. கருங்கழுத்துப் பாறு பாறை இடுக்குல கட்டும். செம்முகப் பாறும் மஞ்சள்முகப் பாறும் உண்டு. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணு காட்டையும் சேத்து எண்ணினா சில நூறுதான் தேறும். புலியும் செந்நாயும் அடிச்சுப் போட்ட மிச்சத்தைத் தின்னு பொழைக்குது. அதுல மருந்து கெடையாது, புலி மெடிக்கல் கடைக்குப் போறதில்லை. ஆனா மாட்டைப் புலி அடிச்சுருச்சுங்கற கோவத்துல ஆராவது செத்த மாட்டுல வெசத்தைத் தடவி வெச்சா, புலி வருதோ இல்லையோ, பாறு மொதல்ல வந்துரும். நீ அந்த மூஞ்சியோட என்னையப் பாக்காதே, உன்னையச் சொல்லலை. நம்மூர்க்காரங்க எல்லாரும் நல்லவங்க, வெசம் தானா நடந்து வந்து மாட்டு மேல ஏறிக்கும்.

திருக்கழுக்குன்றத்துல தெனமும் மத்தியானம் ரெண்டு கழுகு வந்து அர்ச்சகரு கையில பொங்கலு வாங்கித் தின்னுட்டுப் போவும், காசி ராமேஸ்வரம்னு எங்கெங்கயோ போயிட்டு வர்ற முனிவருங்கன்னு கும்புட்டோம். அது மஞ்சள்முகப் பாறு. இப்ப வர்றதில்லை. கலி முத்திருச்சுன்னு சொல்லி முடிச்சுட்டோம், சுளுவாப் போச்சு. ஹரியானாவுல பிஞ்சோர்ங்கற ஊர்ல பாறை வளத்துப் பெருக்கறதுக்கு ஒரு நெலையம் வெச்சு, அதுக்கு ஜடாயுன்னு பேரும் வெச்சிருக்கறாங்க. ராவணனாவது நேருக்கு நேரா நின்னு ரெக்கையை வெட்டுனான். நாம சிரிஞ்சு புடிச்சு, பாசமா, மாட்டுத் தொடையில குத்தி, கிட்னியை எடுத்திருக்கறோம்.

சரி, உன்ற மாடு படுத்துக் கெடக்குது, நான் புராணம் பேசறேன்னு பல்லைக் கடிக்கறே. மொதல்ல அது ஏன் படுத்துதுன்னு பாத்தயா? கன்னு போட்டு ரெண்டு நாளுதானே ஆச்சு? காதைத் தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்குதா, தலையை வவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்குதா? அப்பிடின்னா அது கால்சியம் கொறைச்சலா இருக்கலாம். பாலு பூராம் அதை இழுத்துட்டுப் போயிருக்கும். டாக்டரு வந்து கால்சியத்தை நரம்புல மெதுவா ஏத்துனா எந்திரிச்சு நின்னு தட்டுத் திங்கும். அதுக்கு நீ அஞ்சு பாட்டலு வலி மருந்து ஏத்துனா, வலியில்லாமப் படுத்திருக்கும், அவ்வளவுதான். கால்சியத்தை வேகமா ஏத்துனா இருதயம் நின்னுரும், அதனால அதையும் நீயே வாங்கியாந்து குத்தலாம்னு கெளம்பிராதே. மடி வீங்கியிருந்தா அது வேற வைத்தியம். நெசமாலுமே வலிக்குத்தான் ஊசின்னா மெலாக்சிகாம் இருக்குது, பாறுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு 2006-லயே சோதிச்சு வெச்சிருக்கறாங்க. டோல்ஃபெனமிக் அமிலம்னு இன்னொண்ணும் தேவலைங்கறாங்க. வாய்ல நுழையலைன்னா பேத்தியை எழுதித் தரச் சொல்றேன்.

நாய் கடிச்சாலும் அதே புத்திதான் நம்மாளுகளுக்கு. மஞ்சளை அப்பறது, மொளகாய்ப் பொடி வெக்கறது, மந்திரிச்சுக் கயிறு கட்டறது. சோப்புப் போட்டுக் கொழாய்த் தண்ணியில கால் மணி நேரம் நல்லாக் கழுவிட்டு, அன்னைக்கே கவர்மெண்டு ஆசுபத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கோணும், சொன்ன தேதிக்கெல்லாம் போயி முடிக்கோணும். வெறி ஏறுன பொறகு வந்தா எந்த டாக்டராலயும் ஆவாது. இந்த ஊசியை மட்டும் நீ மெடிக்கல்ல வாங்கி நீயே போட்டுக்க மாட்டேங்கறே பாரு. மாட்டு ஒடம்புக்கு நீயே டாக்டரு, உன்ற ஒடம்புக்கு மட்டும் ஆசுபத்திரி டாக்டரு.

போனைப் போடு டாக்டருக்கு. வந்து ஊசியை எடுத்தாருன்னா, "என்ன மருந்துங்க, பாறுக்கு ஆவாததா?"ன்னு ஒரு வார்த்தை கேளு. கேட்டாக் கோவிச்சுக்குவாருன்னு பயப்படறயா? போன மாசம் பொண்ணு பாக்கப் போன எடத்துல உன்ற சம்பளம் என்னன்னு கேட்டாங்களே, நீ கோவிச்சுக்கிட்டயா? பதுலு சொன்னியல்லோ. அவரும் சொல்லுவாரு, அதுவும் நீ சொன்ன அளவுக்குக் கூட்டிச் சொல்ல மாட்டாரு.